ஒன்பது பி அமைதியாக இருக்கிறது

ஜூன் 10, திங்கள்

இந்த டைரி இவருடைய ஆபீஸில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாகப் பரணில் கிடந்ததை இன்று இறக்கித் தூசி தட்டினேன். பதினைந்து வருஷம் கழித்து ஒரு வகுப்புக்குள் கால் வைத்திருக்கிறேன், அதை எங்காவது எழுதி வைக்க வேண்டாமா.

ரஞ்சி வயிற்றில் இருக்கும்போது விட்ட வேலை. பிறகு அவளைத் தூக்கிச் சுமந்தது, மாமியார் விழுந்து படுக்கையானது, இவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் ஆனது, சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிற பிழைப்பு. தை மாதம் மாமியார் கண்ணை மூடினார். ஏப்ரலில் ரஞ்சி பள்ளிக்கூடம் விட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "எம்மா, எங்க மேத்ஸ் மிஸ் கல்யாணம் ஆகிப் போறாங்களாம். நீ வாயேன். நீ சொல்லிக் குடுத்தா எல்லாத்துக்கும் புரியும்." விண்ணப்பத்தைக்கூட அவள்தான் தன் அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்தாள். கீழே ‘உலகம்மாள், எம்.எஸ்ஸி., பி.எட்.’ என்று நான் கையெழுத்துப் போட்டபோது எழுத்துக் கொஞ்சம் பிசகியது.

காலையில் வாசலில் வைத்தே அவளிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போய்விட்டால் அம்மா கிடையாது, மிஸ்தான். "சரிங்க மிஸ்" என்று சல்யூட் வைத்துச் சிரித்தாள்.

எனக்குக் கொடுத்திருப்பது ஒன்பது பி, அவள் வகுப்பேதான். நாற்பத்திரண்டு பேர். நான்தான் கிளாஸ் டீச்சர். பெயரைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் களுக்கென்று ஒரு சிரிப்பு. தென்காசியில் பிறந்துவிட்டு, ஊர்க்கோயில் அம்மனின் பேரான உலகம்மாளுக்கு ஒருத்தன் சிரிக்கிறான் என்றால் அவனை என்ன சொல்வது?

ஜூன் 14, வெள்ளி

பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். உலக உருண்டை. ஸ்மார்ட் போர்டை அணைக்கத் தெரியாமல் நான் தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்து வந்தது. திரும்பினால் நாற்பத்திரண்டு முகமும் பால் வடிகிறது.

வீட்டுக்கு வந்து ரஞ்சியிடம் கேட்டேன், யார் ஆரம்பித்தது என்று. தெரியாது என்றாள். தெரியும். என் பிள்ளை பொய் சொல்வது எனக்குத் தெரியாதா? கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள்.

சாரல் விட்டபாடில்லை. யூனிஃபார்ம் ஒன்றும் காயவில்லை, ஃபேனுக்குக் கீழே கொடி கட்டியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

இன்று அவமானப்பட்டேன். எழுதவே கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று விஷ்ணுராம் காதைப் பிடித்தேன். திருகக்கூட இல்லை, பிடித்தேன். நான் போர்டில் எழுதும்போதெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறவன் அவன்தான். இன்று முதல் பீரியடுக்கே அவன் அப்பா வந்துவிட்டார். வக்கீல். மேசைமேல் போனை வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். பிரின்ஸிபால் ஹெலன் மேடம் என்னைப் பார்க்காமலே, "ஸாரி சொல்லிருங்க மிஸ்" என்றார். சொன்னேன். அந்தப் பையன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

முன்பு நான் வேலை பார்த்த காலத்தில் அப்பன்மார் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்து, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுருங்க டீச்சர், மத்தபடி தோல உரிங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். என் கையில் பிரம்பு இருக்கும். முக்கால்வாசி நாள் அதை மேசையில் வைத்தாலே போதும். இப்போது தொடக் கூடாது, திட்டக் கூடாது, முறைக்கக் கூடாது. நாற்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சட்டம் காவல் நிற்கிறது.

ஜூன் 28, வெள்ளி

ஹெலன் மேடம் கூப்பிட்டுப் பேசினார். வகுப்பறை கேமரா எல்லாம் அவர் அறையில்தான் தெரியும். "சப்ஜெக்ட் உங்களுக்கு நல்லா வருது மிஸ். ஆனா கிளாஸ் கன்ட்ரோல் இல்ல. நீங்க நடத்துறீங்க, அதுக பாட்டுக்கு சந்தைக்கடை போடுது. கரஸ்பாண்டன்ட் அரையாண்டு வரைக்கும் பாப்போம்ங்கிறாரு. அதுக்கு மேல என் கையில இல்ல."

அரையாண்டோடு வீட்டுக்குப் போ என்கிறார். மறுபடியும் அந்த வீட்டுக்குள். காலையில் எட்டரைக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார. செத்தாலும் மாட்டேன்.

ஜூலை 4, வியாழன்

இன்று என் நாள்.

வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் எழுந்திருங்கள் என்றேன். வழக்கம்போல் பத்துப் பேர் இளித்துக்கொண்டு எழுந்தார்கள். பதினோராவதாக ரஞ்சி. நேற்று சாயங்காலம் முழுக்க எனக்கு ஸ்மார்ட் போர்டு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள், எழுத நேரமில்லை. அது வீட்டு விஷயம். வகுப்பில் அவள் வீட்டுப்பாடம் எழுதாத ஒரு பிள்ளை.

அவளை மட்டும் முன்னால் வரச் சொன்னேன். ஸ்கேலைக் கொண்டு வாட்டி என்றேன். அவளுடைய ஸ்டீல் ஸ்கேல். உள்ளங்கையில் நாலு. மற்ற பத்துப் பேரையும் பார்த்து, "பெத்த பிள்ளைக்கே இதுதான். உங்களுக்கு என்னன்னு நெனச்சிக்கிடுங்க" என்றேன்.

அப்படியொரு அமைதி. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. விஷ்ணுராம் வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தான். காரணிப்படுத்துதல் முழுக்க நடத்தி முடித்தேன், இரண்டு கணக்கு அதிகமாகவே போட்டேன். பழைய உலகம்மாள் டீச்சர் திரும்பி வந்துவிட்டாள். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

ராத்திரி ரஞ்சி கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். "எல்லாத்தையும் உட்டுட்டு என்னைய மட்டும் எதுக்கும்மா அடிச்ச?" என்று கேட்டாள். உன்னைத்தானே எனக்கு அடிக்க முடியும் என்றேன். அவளுக்குப் பிடித்த முட்டைதோசை போட்டுக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

இன்றும் அமைதி.

ஜூலை 17, புதன்

அமைதி நாலு நாள்தான் தாங்குகிறது. பிறகு முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு, பிறகு ஆட்டுக்குட்டி. இன்று யாரோ காகித ராக்கெட் விட்டார்கள், போர்டில் என் கைக்குப் பக்கத்தில் வந்து குத்தியது. யார் என்று கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ரஞ்சியைக் கேட்டேன். அவளும் உதட்டை இழுத்துக்கொண்டாள். தெரிந்தும் சொல்லாததற்கு ஆறு.

மதியம் ஹெலன் மேடம் வராந்தாவில் நிறுத்தினார். கேமராவில் பார்த்திருக்கிறார். "உங்க பொண்ணு, உங்க இஷ்டம்" என்றார். "கம்ப்ளெயின்ட் வர்றதுக்கு ஆளில்லையே." சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூலை 27, சனி

இவர் வந்தார். சாப்பிடும்போது ரஞ்சி ஸ்பூன் எடுத்து வந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன ரஞ்சிம்மா, சாம்பார் சோத்துக்கு ஸ்பூனு?" என்றார். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாம் ஸ்டைல் என்று நான் சொன்னேன். இவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வகுப்புல வச்சி எல்லாரும் ஒண்ணுதான். நான் பாகுபாடு பாக்க மாட்டேன்" என்றேன்.

"எல்லாரையுமா அடிக்க, உலகு?" என்று கேட்டார். கேஸ் தீர்ந்துபோய்விட்டது, அதைப் பார்க்க எழுந்து போனேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ரஞ்சிக்குப் பொறுப்பே இல்லை. ஒரு மாதத்தில் மூன்று ஸ்கேலைத் தொலைத்துவிட்டாள். எங்கேட்டி போடுதே என்றால் தெரியலை என்கிறாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வேடிக்கையைக் கேளுங்கள். இன்று வடிவியல். முக்கோணம் வரைய வேண்டும், ஸ்கேலை எடுங்கள் என்றேன். நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தரிடமும் ஸ்கேல் இல்லை. முதல் பெஞ்ச் அருமைப் பிள்ளைகள்கூட, "கொண்டாரல மிஸ்" என்று தரையைப் பார்க்கிறார்கள். நோட்டு அட்டையை வைத்துக் கோடு போடுகிறார்கள். காம்பஸ் இருக்கிறது, பாகைமானி இருக்கிறது, ஸ்கேல் மட்டும் இல்லை. ரஞ்சிக்குப் பக்கத்தில் உட்காருகிற நூரியாவின் பைக்குள் ஒரு நுனி தெரிந்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் பையைக் காலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

இந்தத் தலைமுறைக்குப் படிப்பில் அக்கறையே இல்லை. கையாலேயே ரஞ்சி முதுகில் இரண்டு வைத்தேன். எனக்குத்தான் கை வலித்தது.

ஆகஸ்ட் 21, புதன்

பத்தாம் வகுப்பு சி-யின் டீச்சருக்குக் காய்ச்சல். அந்தப் பீரியடுக்கு என்னைப் போகச் சொன்னார்கள். அது தடிமாட்டுக் கூட்டம். ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு ஒன்பது பி-க்கு ஆள் அனுப்பி ரஞ்சியை வரச் சொன்னேன்.

நோட்டுக்கட்டைத் தூக்கத்தான் கூப்பிட்டேன். சும்மா ஓரமாக நிற்கத்தான் சொன்னேன். அவள் வாசலில் நின்று, "வேண்டாம் மிஸ்" என்றாள். எல்லாருக்கும் முன்னால் மறுத்துப் பேசினால் எந்த டீச்சர் விடுவாள்? அரை நிமிஷத்தில் பத்து சி அடங்கிவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். கரஸ்பாண்டன்ட் மேடையில் என் பெயரைச் சொன்னார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தும் மூன்றே மாதத்தில் வகுப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று. ஆளுயரத்துக்கு ஒரு சால்வை. கண் கலங்கிவிட்டது. இவரை வரச் சொல்லியிருந்தேன், லீவு இல்லை என்றுவிட்டார்.

ஒன்பது பி பையன்கள் பரிசு கொடுத்தார்கள். விஷ்ணுராம்தான் கொண்டுவந்தான், மினுமினுப்புத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. பிரித்தால் மர ஸ்கேல். தேக்கு, நல்ல கனம். பெண் பிள்ளைகள் பக்கம் ஒருத்தியும் கை தட்டவில்லை. வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் சின்னதாக, ‘ரஞ்சிக்கு’ என்று எழுதியிருந்தது. குறும்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். நல்ல மரம், வீணாக்குவானேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டு விடைத்தாள் கொடுத்தேன். ரஞ்சிக்குக் கணக்கில் முப்பத்தொன்று. போன வருஷம் தொண்ணூற்று நாலு வாங்கின பிள்ளை. கணக்கு டீச்சர் மகள் முப்பத்தொன்று. முகத்தை எங்கே கொண்டு வைப்பது? மதிப்பெண்ணைச் சத்தமாக வாசித்துவிட்டு முன்னால் கூப்பிட்டேன். வந்தாள். நான் சொல்லும் முன்பே கையை நீட்டிக்கொண்டுதான் வந்தாள். அது திமிர்.

மதியம் அந்த நூரியா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மிஸ், நாங்க இனிமே பேசவே மாட்டோம் மிஸ். விஷ்ணுகிட்டயும் சொல்லிட்டோம். அவனும் சரின்னுட்டான். நீங்க ரஞ்சிய அடிக்காதீங்க."

"ஓகோ. நான் யார அடிக்கணும்னு நீ சொல்லுவியோ?"

"அவளுக்காகத்தான் மிஸ் சத்தம் போடாம இருக்கோம். உங்களுக்காக இல்ல."

வாய்க்கொழுப்பு. ஏட்டி, கிளாஸுக்குப் போ என்றேன். பிறகு சோறு இறங்கவில்லை. எல்லாருக்கும் பொறாமை, பிள்ளைகளுக்குக்கூட.

அக்டோபர் 19, சனி

ரஞ்சி வீட்டிலும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மா இல்லை, மிஸ் இல்லை. வந்து முன்னால் நிற்பாள், நான் நிமிர்ந்து பார்த்தால் பேசுவாள். தட்டைக் கழுவி வைக்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. தலை பின்ன உட்காரச் சொன்னால் உட்காருகிறாள். நான் சீப்பைத் தூக்கும்போது மட்டும் தோளைக் குறுக்கிக்கொள்கிறாள். பழக்கதோஷம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் நன்றாக வந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை.

இவர் நேற்றே வந்துவிட்டார். ராத்திரி முழுக்க ஒரு சண்டையும் போடவில்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, ரஞ்சியின் பெட்டியைக் கூடத்தில் வைத்தார். தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாராம். "அரையாண்டு முடியட்டுமே" என்றேன். "எனக்கு அரையாண்டு வரைக்கும்தான் கெடு. பிள்ள கொஞ்ச நாள் பொறுத்துக்கிட்டா என்ன?"

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒம் பிள்ளைய ஒங்கிட்ட இருந்து காப்பாத்த வேண்டியிருக்கு" என்றார்.

ரஞ்சி போகும்போது முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்தேன். "டிசி வேணும்" என்றாள். அவ்வளவுதான்.

பஸ் போன பிறகு அவள் கட்டிலில் விழுந்து அழுதேன். மாமியார் செத்தபோது அழவில்லை, எங்கள் அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை. நான் என்ன கொலையா செய்தேன்? நாலு அடி அடிக்காமல் எந்த வீட்டில் பிள்ளை வளர்கிறது? பிள்ளையையே கொண்டுபோய்விட்டார்.

நவம்பர் 4, திங்கள்

டிசி எழுதினேன். கிளாஸ் டீச்சர் நான்தானே எழுத வேண்டும். நடத்தை என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று போட்டேன். பெற்றோர் பெயரில் என் பெயரையும் நானே எழுதினேன். கையெழுத்துப் பிசகவில்லை.

நவம்பர் 6, புதன்

ரஞ்சி இடம் காலி. நூரியா பையை அதில் வைத்திருக்கிறாள்.

முதல் இரண்டு நாள் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. இன்று வந்துவிட்டது. ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி, ரயில், எல்லாம் வந்தது. எல்லார் மேசையிலும் ஸ்கேல் இருக்கிறது. பிளாஸ்டிக்கில், ஸ்டீலில், கலர் கலராக. அதை வைத்தே பெஞ்சில் தாளம் போடுகிறார்கள். நான் தேக்கு ஸ்கேலை எடுத்தேன். விஷ்ணுராம் எழுந்து நின்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான்:

"மிஸ், இன்னைக்கு யாரு மிஸ்?"

யார் மேல் போடுவது? கையில் ஸ்கேலோடு நின்றேன். அப்படியே பெல் அடித்துவிட்டது.

நவம்பர் 20, புதன்

ஹெலன் மேடம் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "என்ன மிஸ் ஆச்சு? நல்லாத்தானே போயிட்டிருந்தது. பத்து சி-யில கூட சொன்னாங்களே. அரையாண்டுக்கு மூணு வாரம்தான் இருக்கு."

ரஞ்சிக்கு போன் போட்டேன். இவர் எடுத்தார். தூங்குகிறாள் என்றார். சாயங்காலம் ஆறு மணி.

நவம்பர் 24, ஞாயிறு

சுரண்டைக்குப் போய்வந்தேன், தம்பி பரமசிவன் வீட்டுக்கு. ரொம்ப நாளாயிற்று. தம்பி பெண்டாட்டி முப்பிடாதி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவர்கள் மகள் இந்துமதி அரசுப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. ரஞ்சி வயதுதான், ரஞ்சி உடம்புதான். சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

நான்தான் பேச்செடுத்தேன். எங்கள் வீட்டில் தங்கட்டும், எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன், இங்கிலீஷ் மீடியம், நானே பாடம் எடுக்கிறேன். எனக்கும் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. முப்பிடாதிக்கு நம்ப முடியவில்லை. "மைனி, நெசமாவா சொல்லுதீக?" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இந்து எழுந்து போய் அப்போதே துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி பஸ் ஸ்டாண்ட் வரை வந்தான். "யக்கா, அது இனி ஒம் பிள்ள. கண்ணு ரெண்ட மட்டும் விட்டுரு. மத்தபடி தோல உரிச்சாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எத்தனை வருஷமாயிற்று இந்த வார்த்தையைக் கேட்டு. மனசு நிறைந்துபோயிற்று.

நவம்பர் 29, வெள்ளி

ஸ்டாஃப் கோட்டாவில் சேர்க்க கரஸ்பாண்டன்ட் ஒப்புக்கொண்டார். ஹெலன் மேடம் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க சொந்தமா?" என்று கேட்டார். என் தம்பி மகள் என்றேன். "நல்லது" என்று கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் 2, திங்கள்

ரஞ்சி விட்டுப்போன யூனிஃபார்ம் இந்துவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. புதிதாக எடுக்க வேண்டியதில்லை. இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டிவிட்டேன். வழியெல்லாம் கேள்விதான். "உள்ள போயிட்டா உங்கள மிஸ்ஸுன்னுதான் கூப்பிடணுமா அத்த?" ஆமா என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாம் பீரியட். நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பழைய கூத்துத்தான் நடந்துகொண்டிருந்தது. இந்துவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ரஞ்சி இடத்தில் உட்கார வைத்தேன். இவள் என் தம்பி மகள், என் வீட்டில்தான் இருக்கிறாள், இனி இங்கேதான் படிப்பாள் என்றேன். சிரித்துக்கொண்டே அவள் எல்லாருக்கும் வணக்கம் வைத்தாள்.

நூரியா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த தன் ஸ்கேலை மெதுவாக எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் எடுத்தாள். பிறகு அந்த வரிசை. பிறகு பையன்கள். கடைசியாக விஷ்ணுராம்.

இந்து மட்டும் நான் வாங்கிக்கொடுத்த புது ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, ஸ்கேலை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் பாடத்தையே ஆரம்பிக்கவில்லை. ஒன்பது பி அமைதியாக இருந்தது.